எபி சொல்லச் சொன்னது

தீமோ,

நீ போனை வைத்த பிறகு அம்மா ரொம்ப நேரம் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். உன் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரையும் ஒரு வரி போடலாமா என்று அவள் கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "சாகப்போறேன்னு தெரிஞ்சும் என்னைப் பாக்க வேணாம்னு சொன்னவன் பேரை நான் ஏன்மா போடணும்?" என்றாய். அதில் கோபத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது. ஆறு வருஷமாக நீ அந்த வலியோடு கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் தனியாக இருந்திருக்கிறாய். அதை உனக்குக் கொடுத்தவன் உன் அண்ணன் எபி இல்லை. நான். எபி உன்னைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். போனில் பேசும்போது நான் எப்படிப்பட்டவன் என்பதும் இதைப் படித்து முடிப்பதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

நீ பதினெட்டு வயதில் ஈப்போவை விட்டுச் சபாவுக்குப் படிக்கப் போனாய். உனக்குத் தெரிந்த எபி, மின்விசிறிக்கு நேர் கீழே யார் படுப்பது என்று உன்னோடு சண்டை போட்டவன், சபை ஆராதனையில் சுருதி சேராமல் சத்தமாகப் பாடி உன்னைத் தலைகுனிய வைத்தவன். அதற்குப் பிறகு வந்த எபியை நீ அதிகம் பார்க்கவில்லை. நீ போவதற்கு முன்னால், பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒரு பொங்கலுக்குக் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை அவன் வாசலிலேயே திருப்பி அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. உங்கள் சாமிக்குப் படைத்த சோறு, நாங்கள் தொடமாட்டோம் என்று அந்த அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னான். அம்மா அழுதாள். நான் அவனைத் திட்டினேன். ஆனால் பக்தி முற்றிய பிள்ளையிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு வருஷம் கழித்து, வேலைக்குக் கிளம்பியவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டு கேட்டைத் தட்டினான். நான் நம் முற்றத்தில் காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அன்னிக்குப் பொங்கலைத் திருப்பி அனுப்புனேனே, அது தப்புக்கா. சாமிக்காகச் செய்றேன்னு நெனச்சேன். யோசிச்சுப் பாத்தா, என்னைப் பெரிய ஆளாக் காட்டிக்கத்தான் செஞ்சிருக்கேன். மன்னிச்சிருங்க."

"ஐயோ எபி, அது எப்பவோ லா! உள்ள வா. சாப்பிட்டியா?"

உள்ளே போய் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, வேலைக்குத் தாமதமாகப் போனான். எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போவது அவனிடம் கடைசிவரை மாறவில்லை. ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். தப்பு என்று தெரிந்ததும் அதை யாருக்குச் செய்தானோ அவரிடமே போய்ச் சொல்லிவிட அவனால் முடிந்தது. எனக்கு அது என் வயதிலும் வரவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். மனைவியிடம் வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, ஒரே வீட்டில்தான் இருப்பீர்கள். இருந்தாலும் அந்தத் தூரம் சில நாள் ரொம்ப நீளமாகத் தெரியும். அப்போது உன் அண்ணனை நினைத்துக்கொள்.

ஏசி பழுதுபார்க்கும் ஏர்கோன் கடையில் அவன் வேலை போன கதையை நான் உனக்கு வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். ஆள் குறைத்துவிட்டார்கள் என்றேன். உண்மையில், ஒரு வயதான சீன அம்மாவின் வீட்டில் கம்ப்ரஸர் கெட்டுப்போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லச் சொன்னார்கள். இவன் உள்ளே அடைத்திருந்த அழுக்கைக் கழுவி மாட்டிவிட்டு, ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தான். வேலை போயிற்று. நான் அன்றைக்கு அவனைப் பாராட்டினேன் என்று நினைக்காதே. "உனக்கு மட்டும்தான் சாமி இருக்கா? ஊருல எல்லாரும் எப்படிப் பொழைக்கிறாங்க?" என்று கத்தினேன். முப்பது வருஷம் குவாரியில் லோரி ஓட்டியவன் நான். முதலாளி சொன்னதைச் செய்தே பழகியவன். கொஞ்ச நாளில் அவன் ஓர் ஏணியையும் பழைய பம்பையும் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தானே வேலைக்குப் போக ஆரம்பித்தான். அவனை முதலில் கூப்பிட்டது அந்தச் சீன அம்மாதான். பிறகு அந்தத் தெரு முழுக்கக் கூப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், நான் பிறந்த தோட்டத்துக்குப் போவான். சிலிம் ரிவர் பக்கம், உன்னையும் சின்ன வயதில் ஒரு தரம் கூட்டிப்போயிருக்கிறேன். ரப்பரையெல்லாம் வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபிறகு அங்கே ஐந்தாறு குடும்பம்தான் மிச்சம். அதில் இரண்டுதான் வேதக்காரக் குடும்பம். பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட ஜெப வீடு இன்னும் நிற்கிறது. அங்கே போய் வேதம் வாசித்து, சுருதி சேராமல் பாடிவிட்டு வருவான். யாருக்காவது மருந்து வேண்டுமென்றால் அடுத்த வாரம் வாங்கிப் போவான். யாருடைய ஃபேன் ஓடவில்லை என்றாலும் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவான். எவ்வளவு பேரைச் சபைக்குச் சேர்த்தாய் என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "அங்க ஆறு வீட்டுலயும் எனக்குச் சோறு போடுறாங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னான்.

அங்கேதான் செல்வியைப் பார்த்தான். இருபத்தொரு வயதுப் பெண். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். பிறந்த மறுநாளே தாய் இறந்துவிட்டாள், தகப்பன் பிறப்பைப் பதியாமலே எங்கோ போய்விட்டான். சின்னம்மா வளர்த்தாள். பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டையான ஐசி இல்லை. ஐசி இல்லாததால் பள்ளிப் பரீட்சை எழுதவில்லை, பதிவான வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். எபி அவளைப் பதிவு அலுவலகத்துக்கு எத்தனை தடவை கூட்டிப்போனான் என்று எனக்குத் தெரியாது. பிறப்பை நேரில் பார்த்தவர் யாராவது வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவன் உடம்பில் நீல நீலமாகத் தடம் விழ ஆரம்பித்தது. ஏணியில் இடித்துக்கொண்டேன் என்றான். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. சபைப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். பரிசோதனை செய்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இருபத்தாறு வயது.

ஆஸ்பத்திரி கார் பார்க்கில் அம்மா காருக்குள் அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். அவன் சொன்ன முதல் வார்த்தையே உன்னைப் பற்றித்தான்.

"தம்பிக்கு இன்னிக்கே சொல்லணும்பா."

"வேணாம்யா. அவனுக்குக் கடைசி செமஸ்டர். எக்ஸாம் முடியட்டும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்ல வேணாம். சொல்லாம இரு, அவ்ளோதான். அப்பாவுக்காக."

"எக்ஸாம் முடியுற வரைக்கும்தான். முடிஞ்ச அன்னிக்கே சொல்லிரணும். சரியா?" என்றான். சரி என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் குடும்பத்தில் பட்டம் வாங்கப் போகும் முதல் ஆள் நீ. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் பேரன். அது எதனாலும் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒரு மகனைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியாத நேரத்தில் இன்னொரு மகனின் பரீட்சையையாவது காப்பாற்றிவிடலாம் என்று என் புத்தி ஓடியது. நியாயம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது இதுதான்.

அந்த மாதங்களில் அவன் உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று நீ இறுதிச் சடங்கின்போது எல்லாரிடமும் கேட்டாய். எப்படி இருக்கே என்று நீ கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்ல அவனால் முடியாது. எனக்குக் கொடுத்த வாக்கை மீறவும் முடியாது. அதனால் உன் பெயர் திரையில் தெரியும்போதெல்லாம் போன் அடித்து நிற்கும்வரை அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு ஒரு வேத வசனத்தைத் தட்டி அனுப்புவான். வசனத்தில் பொய் இல்லையே, அதனால். பக்கத்தில் உட்கார்ந்து நான் இதைப் பார்த்தேன் தீமோ. பார்த்தும் அந்த வாக்கிலிருந்து அவனை நான் விடுவிக்கவில்லை.

முதல் சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முடியெல்லாம் கொட்டி, முகக் கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு காலை, "அப்பா, பாகான் டத்தோ போலாமா?" என்றான். தோட்டத்தில் அந்தக் காலத்தில் மருந்து கொடுத்த டிரசர் அங்கே மகன் வீட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்திருந்தது. செல்வி பிறந்தபோது அவர்தான் கூட இருந்தாராம். நான் முடியாது என்றேன். உடம்பு தேறட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். "அடுத்த வாரம் நான் மறுபடி வார்டுல இருப்பேன்பா. அவரும் வயசானவரு. இன்னிக்கே போய்ட்டு வந்துருவோம்லா" என்றான். திட்டிக்கொண்டே காரை எடுத்தேன். தெலுக் இந்தான் தாண்டும்வரை திட்டினேன். அவன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. டிரசர் ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் பிடி கொடுக்கவில்லை. "எத்தனையோ புள்ளைங்க பொறந்துச்சி. எதுன்னு நான் சொல்றது?" என்றார். எபி அவசரப்படவில்லை. தாயின் பெயர் சரோஜா என்றான். அன்றைக்குப் பெரிய மழை, லோரி சேற்றில் மாட்டிக்கொண்டதால் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம் என்றான். அவர் முகம் மாறிவிட்டது. 

"அந்தப் பொண்ணு என் கையிலதான்யா செத்துச்சி. புள்ள உசுரோட இருக்கா?"

"இருக்கா ஐயா. பேரு செல்வி. நல்லா தைப்பா. ஆனா அவ பொறந்ததுக்கு ஒரு சாட்சி இல்ல."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். சரோஜாவைக் காப்பாற்ற முடியாமல் போனதிலிருந்து அந்தக் குழந்தையைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவே பயந்து இருந்துவிட்டாராம். எபி கீழே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நான் என் வழக்கப்படி ஜெபம் பண்ணலாமா? வேணாம்னா சும்மா உக்காந்திருக்கேன்" என்றான். பொங்கலைத் திருப்பி அனுப்பிய அதே பிள்ளைதான். அவர் தலையை ஆட்டினார். சின்ன ஜெபம். சரோஜாவின் பெயரைச் சொன்னான், செல்வியின் பெயரைச் சொன்னான், இந்த ஐயாவின் பாரத்தை இறக்கி வையும் ஆண்டவரே என்றான். அவ்வளவுதான். அடுத்த வாரமே அவர் மகனோடு வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்துச் செல்வி ஐசியை வார்டுக்குக் கொண்டுவந்து எபியிடம் கொடுத்தாள். அவளுடைய முழுப் பெயரையும் அவன் சத்தமாக வாசித்தான். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவன் பயப்படவே இல்லை, தேவதூதனைப் போல இருந்தான் என்று சபையில் பேசுவார்கள். அப்படி இல்லை. ஒரு மத்தியானம் அம்மா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தபோது, "பயமா இருக்குப்பா" என்றான். விசுவாசம் இருந்தால் பயப்படக் கூடாது என்று யாரோ சொல்லிக் கேட்டதைத் திருப்பிச் சொன்னேன். அவன் என்மீது எரிச்சல்படவில்லை. "பயத்தோடயேதான்பா அவருகிட்டப் போறேன். வேற எங்க போவேன்?" என்றான். நான் இவ்வளவு வருஷம் கேட்ட பிரசங்கங்களில் எது என் மனதில் நிற்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி நான் பயந்துகொண்டிருந்த பகுதி. உன் கடைசிப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை. எபிக்குப் புதன்கிழமை காய்ச்சல் வந்தது. இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போயிருந்தது. தொற்று வேகமாகப் பரவுகிறது என்றார்கள். மூக்கும் வாயும் மூடிய ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து வியாழக்கிழமை மத்தியானம் கேட்டான்: "தம்பிக்கு முடிஞ்சிருச்சா? சொல்லிருங்கப்பா." நான் வராந்தாவுக்குப் போய் உன்னைக் கூப்பிட்டேன். நீ போனை எடுத்ததும் பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். "முடிஞ்சிருச்சுப்பா! எல்லாம் முடிஞ்சிருச்சு! கூட்டாளிங்களோட தீவுக்குப் போறோம், ரெண்டு நாளு" என்றாய். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "சரிய்யா, பத்திரமா போய்ட்டு வா" என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம். உள்ளே போய் எபியிடம், "சொல்லிட்டேன்யா. நாளைக்கு வர்றான்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும், "எத்தன மணிக்கு ஃப்ளைட்?" என்றான். பதினொன்று என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டபோது இரண்டு மணி என்று உளறினேன். அவன் என்னையே பார்த்தான். முகமூடியைக் கையால் கொஞ்சம் விலக்கி, "நீங்க சொல்லலையா?" என்றான். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓடிப்போய் உன்னைக் கூப்பிட்டேன். தீவில் லைன் இல்லை. அன்றைக்கு முழுக்க நான் கூப்பிட்டதெல்லாம் வீணாயிற்று. சாயங்காலம் திரும்பி வந்து, கிடைக்கவில்லை என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அங்க சந்தோஷமா இருக்கானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை.

"அவன் கேப்பான்பா. கேட்டா உள்ளதச் சொல்லுங்க. கோவப்படுவான். கோவப்படட்டும். நீங்க பயந்துகிட்டு ஒதுங்கிராதீங்க. அவனுக்கு அப்பா வேணும்."

பிறகு உனக்காக ஜெபித்தான். குரல் பாதிதான் வந்தது. "ஆண்டவரே, அப்பாவைத் தம்பிகிட்டப் பேச வையும்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. சனிக்கிழமை வெளிச்சம் வந்து, அம்மா அவன் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது போய்விட்டான். உன் போன் மத்தியானம்தான் கிடைத்தது. "ஏன்ப்பா எனக்குச் சொல்லல?" என்று நீ அலறியபோது, அவன் சொன்னபடி உள்ளதைச் சொல்ல எனக்கு ஒரு விநாடி கிடைத்தது. அந்த விநாடியில், "அண்ணன்தான் உனக்குச் சொல்ல வேணாம், நீ வந்து பாக்க வேணாம்னு சொன்னான்" என்றேன். செத்துப்போனவன் வந்து மறுக்கமாட்டான் என்று ஒரு அப்பன் தன் பிள்ளையைப் பற்றியே நினைத்தான். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொய்யை எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். நீ வரும்போது உன் முகம் கடுகடுவென்று இருக்கும். பயந்துகொண்டு ஒதுங்கிவிடுவேன். எதைச் செய்ய வேண்டாம் என்று அவன் சொன்னானோ அதையே செய்தேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம், நீ வரவேண்டாம் என்று எபி என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டான் என்றுதான் அம்மாவும் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை அவள் காப்பியை மேசையில் வைத்துவிட்டு, "எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு டிக்கெட் போடுங்க" என்றாள். பத்திரிகையில் யார் பெயர் போடுவது என்பது உன் இஷ்டம், அதைப் பற்றி இனி நாங்கள் கேட்கமாட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் நீ இருக்கும் கோத்தா கினபாலுவுக்கே வருகிறோம். விமான நிலையத்துக்கு வர உனக்கு மனம் இல்லையென்றால் வரவேண்டாம். விலாசம் இருக்கிறது, டாக்ஸி பிடித்து வந்துவிடுவோம். கதவைத் திறக்கவில்லை என்றாலும் நாங்கள் உடனே ஊருக்குத் திரும்பப் போவதில்லை. பக்கத்தில் எங்காவது தங்கிக்கொண்டு மறுநாளும் வருவேன். திறந்தாயானால் நீ முதலில் பேசு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும். நான் நின்று கேட்கிறேன்.

அப்பா